தாணே அரிசி

அண்ணாச்சியிடம் அரிசி வாங்கப் போன யாரும் திட்டு வாங்காமல் திரும்பியதில்லை. அரிசிக்குத்தான் விலை, திட்டு இலவசம்.

“அண்ணாச்சி, இட்லி அரிசி பத்துக் கிலோ.”

“வீட்ல எத்தன உருப்படி?”

“நாலு பேரு.”

“நாலு பேருக்குப் பத்துக் கிலோவா? இட்லி அவிக்கியா, செங்கல் சுடுதியா?”

“செங்கல் சுட்டு மாளிகை கட்டுதோம். நீரு தராசப் பாத்துப் போடும்.”

அந்த அம்மாள் அடுத்த மாதமும் அங்கேதான் வருவாள். பம்பாய்த் தாராவியின் அந்தச் சந்தில் வேறு கடைகளும் இருந்தன. அங்கெல்லாம் ‘வாங்கம்மா’ என்று பல்லைக் காட்டி வரவேற்பார்கள். பல்லைக் காட்டுகிறவன் கல்லைக் கலப்பான், முறைக்கிறவன் ஏமாற்ற மாட்டான் என்பது எங்கள் திருநெல்வேலி ஜனங்களின் பொருளாதாரக் கொள்கை. அந்தக் கொள்கையில் அண்ணாச்சி நன்றாகச் சம்பாதித்தார்.

நான் குடியிருப்பது செம்பூரில். அங்கே அரிசிக்குப் பஞ்சமில்லை, ஏ.சி. போட்ட கடையிலேயே கிடைக்கும். இருந்தும் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துத் தாராவிக்குப் போய் அவரிடம்தான் வாங்கி வருவேன். “இங்கே நான் திட்டுறது பத்தலையா?” என்று மனைவி கேட்பாள். அது பச்சரிசி, இது புழுங்கல் என்று சமாளிப்பேன்.

ஆபீசில் எனக்குப் பதவி உயர்வு வந்தபோது பேடா வாங்கிக்கொண்டு போனேன். “ஆள் கெடைக்கலையாக்கும்” என்றார். பேடாவைத் தொடவில்லை. கொஞ்ச காலம் கழித்து அந்தப் பதவியையே ஆபீஸ் ஒழித்துவிட்டது. அவருடைய கருத்தைத்தான் நிர்வாகமும் வைத்திருந்தது என்று அப்போது தெரிந்தது.

கசப்பு நல்லது என்பதுதான் அவருடைய ஒரே மதம். “நாக்குக்கு எதமா இருக்கதெல்லாம் ஒடம்புக்குப் பகை. காதுக்கு எதமா இருக்கது புத்திக்குப் பகை” என்பார். வீட்டில் வேப்பம்பூவும் பாகற்காயும் நிலவேம்பும் முறைவைத்து வரும். டீயில் யாராவது சர்க்கரை போட்டால் “கல்யாண வீடா வே?” என்பார். சந்தோஷமான சேதி கொண்டு போனால் குத்துவார். துக்கமான சேதி என்றால் மட்டும் ஒன்றும் சொல்லாமல் ஸ்டூலை நகர்த்திப் போட்டு உட்காரச் சொல்வார். என் அப்பா இறந்த பிறகு ஒரு ஞாயிறு முழுக்க அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். அன்று மட்டும்தான் எனக்குத் திட்டு இல்லை. மறுமாதம் பழைய பாக்கியையும் சேர்த்துத் திட்டினார்.

இப்படிப்பட்டவருக்குச் சர்க்கரை வியாதி வந்தது. வாழ்நாளெல்லாம் இனிப்பை வாசலில் நிறுத்தி வைத்தவரை அது கொல்லைப்புறமாக வந்து பிடித்தது. மூன்று வேளையும் சோறு, அதிலும் கேட்டு வாங்கித் தின்னும் சோறு. சயான் பக்கத்து டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு “சாவல் பந்த்” என்று முடித்துவிட்டார். அரிசிக் கடைக்காரரிடம் அரிசியை நிறுத்து என்பது குருக்களிடம் மணியடிக்காதே என்பது மாதிரி. அண்ணாச்சி டாக்டரைத் திட்டவில்லை. கசப்பாகச் சொன்னதால் டாக்டர் நல்ல டாக்டராகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவுசெய்தார். ஆனால் சோறு இல்லாமல் எதைத் தின்பது? சப்பாத்தியை அவர் சாப்பாட்டுக் கணக்கில் சேர்த்ததில்லை.

அவருக்கு ஒரே மகள். மாட்டுங்காவில் படித்தாள். பள்ளியிலேயே முதலாவதாக வந்தபோது “ஒரு பள்ளிக்கொடத்துலதான?” என்றார். படித்து டயட்டீஷியன் ஆனாள். கூட வேலை செய்த மராட்டிப் பையனைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று அவள் வந்து நின்றபோது அவர் கையை ஓங்கவில்லை, குரலையும் உயர்த்தவில்லை. மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்தபடி, “போ. ஆனா சோத்துக்கு இங்க வராத” என்றாராம். இதை எனக்குச் சொன்னது மதினி, அவர் மனைவி. மகள் தாணேயில் குடித்தனம் போட்டாள். அம்மாவிடம் மட்டும் போனில் பேசுவாள். கடையில் அவள் பேச்சே கிடையாது.

என் ஆபீசும் தாணேயில்தான். அப்பாவின் சர்க்கரை விவகாரம் மதினி வழியாகக் காதுக்குப் போன வாரமே, ஒரு பெரிய பொட்டலத்தோடு என்னைப் பார்க்க வந்துவிட்டாள்.

“சித்தப்பா, இது கினோவா. அரிசிக்குப் பதிலா அப்பாவுக்கு ஆக்கிக் குடுக்கச் சொல்லுங்க.”

“வாங்குவாராம்மா? சோத்துக்கே வராதேன்னவர்.”

“சோத்துக்கு வராதேன்னார். சோறு அனுப்பாதேன்னு சொல்லலையே.”

அப்பனுக்குப் பிறந்தவள்தான்.

பிறகு எனக்கு வகுப்பு எடுத்தாள். “பார்க்கத் தானியம் மாதிரி இருக்கும். ஆனா இது கீரை விதை, நம்ம சக்கரவர்த்திக் கீரைக்கு ஒண்ணுவிட்ட சொந்தம். தென் அமெரிக்கா மலைப் பக்கம் காலங்காலமா திங்கறாங்க. அரிசியவிடப் புரதம் ஜாஸ்தி. அரிசிப் புரதத்துல அமினோ அமிலம் ஒண்ணு ரெண்டு கொறையும், அதுக்குத்தான் நாம பருப்பு ஊத்திக்கறோம். இதுல உடம்புக்கு வேண்டிய அமினோ அமிலம் எல்லாமே இருக்கு. நார்ச்சத்து, இரும்பு, மெக்னீஷியம். மெதுவா செரிக்கும், சர்க்கரை சட்டுனு ஏறாது. அதுக்காக அண்டா அண்டாவா திங்கக் கூடாது. ஒரு கிண்ணம், கூடவே காய்கறி. மாத்திரைய நிறுத்தவே கூடாது. இது மருந்தில்ல சித்தப்பா. சாப்பாடு. நல்ல சாப்பாடு, அவ்வளவுதான்.”

இதைத் தமிழில் சீமைத்தினை என்றும் சொல்கிறார்கள் என்று நான் என் பங்குக்கு ஒரு தகவல் தந்தேன். அவள் மரியாதைக்காகக் கேட்டுக்கொண்டாள். கழுவ வேண்டும் என்று மட்டும் அவள் சொல்லவில்லை. கழுவாமல் உலையில் போடுகிற வீடு தமிழ்நாட்டிலும் கிடையாது, தாராவியிலும் கிடையாது. அதைப்போய் யார் சொல்வார்கள்?

ஞாயிற்றுக்கிழமை பொட்டலத்தைக் கடையில் வைத்து, “தாணேலேருந்து ஒரு அரிசி” என்றேன். அவர் நாலு மணியை உள்ளங்கையில் போட்டு ஊதினார், கடித்தார்.

“யாரு குடுத்தா?”

நான் கூரையைப் பார்த்தேன். அவரும் சற்று நேரம் அதே கூரையைப் பார்த்தார்.

“வச்சிட்டுப் போரும்.”

அன்று முதல் அதன் பெயர் தாணே அரிசி.

முதல் தடவை அது உலை ஏறியபோது நானும் இருந்தேன். மதினி தண்ணீர் ஊற்றிப் பிசைந்தார். பாத்திரத்தில் நுரை பொங்கியது. அண்ணாச்சி பதறிப்போய், “நிறுத்துளா! நொரைக்கிது பாத்தியா? சத்தெல்லாம் தண்ணியோட போவுது” என்று கையைப் பிடித்தார்.

“கழுவாம எப்படி ஆக்கதுக்கு?”

“அப்படியே போடு. அரிசியப் பத்தி எனக்கா சொல்லுத?”

அது அவர் தொழில் ஞானம். ‘அரிசிய ரெண்டு தண்ணிக்கு மேல கழுவாதீங்க, தவிட்டுச் சத்து போயிரும்’ என்று வாடிக்கையாளர்களைக் காலமெல்லாம் திட்டி வந்தவர். அரிசிக்கு அது சரி. இந்த விதைக்கோ மேல்தோலில் ஒரு கசப்பு ஒட்டிக்கொண்டிருக்கும். பறவை கொத்திவிடக் கூடாது என்று அது தனக்குத் தானே பூசிக்கொண்ட கசப்பு. நுரை நிற்கிற வரைக்கும் தேய்த்துக் கழுவினால் போய்விடும். பெரிய கடைகளில் பாக்கெட்டில் வருவது பெரும்பாலும் கழுவிக் காயவைத்தது. மகள் மொத்தமாக வாங்கி அனுப்பியது கழுவாத சரக்கு. இதெல்லாம் எனக்குத் தெரிந்தது ரொம்பப் பின்னால்.

வெந்ததை வாயில் வைத்தார். மென்றார். முகத்தில் ஒரு வெளிச்சம்.

“கசக்கு” என்றார், பரவசமாக. “இதுல என்னமோ இருக்குவே.”

எனக்கும் ஒரு கரண்டி வந்தது. நாக்கு சுருண்டு தொண்டைக்குள் போய் ஒளிந்துகொண்டது. “ஆமாம் அண்ணாச்சி, இருக்கு” என்றேன். சின்ன வயதில் மூக்கைப் பிடித்துக் கஷாயம் ஊற்றி வளர்த்த ஜாதி நாங்கள். கசந்தால் ‘பக்குவம் சரியில்லையோ’ என்று கேட்கத் தோன்றாது, ‘அடடா, வேலை செய்கிறது’ என்றுதான் தோன்றும். மதினி மட்டும் ஏமாறவில்லை. “அவுக கசப்ப அவுக திங்கட்டும்” என்று தனக்கு ஒரு சின்னப் பானையில் சோறு வடித்துக்கொண்டார்.

சர்க்கரை இறங்கியது. சோறு போனது, அளவு வந்தது, மாத்திரை ஒழுங்காக உள்ளே போனது. இறங்காமல் என்ன செய்யும்? ஆனால் பெயர் வாங்கியது கசப்புதான். அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்துகொண்டே அரிசியைத் திட்ட ஆரம்பித்தார். “இத வாங்கிட்டுப் போயி என்னத்துக்கு? வெறும் மாவு. வயித்தப் பாரும், தபேலா கணக்கா.” தபேலா வயிற்று வாடிக்கையாளர் சும்மா விடவில்லை. “அப்போ நீரு திங்குற தாணே அரிசிய எனக்கும் ரெண்டு கிலோ போடும்.”

“அது விக்கதுக்கு இல்ல.”

எது கேட்டாலும் விலை சொல்கிற மனிதர் அப்படிச் சொல்லி நான் கேட்டது அது ஒன்றைத்தான்.

பொட்டலம் முடிந்தால் “தாணே அரிசி தீந்துட்டு” என்பார். அதுதான் இரண்டு வருஷத்தில் அப்பா மகளுக்கு அனுப்பிய முழுக் கடிதப் போக்குவரத்து. நான் போய் ஒப்பிப்பேன்.

“வேற என்ன சொன்னார், சித்தப்பா?”

“வேற ஒண்ணுமில்ல.”

“நல்லாருக்குன்னாரா?”

“உங்கப்பா எதைம்மா நல்லாருக்குன்னு சொல்லியிருக்கார்?”

சிரிப்பாள். ஆனால் அடுத்த மாதமும் அதே கேள்வியைக் கேட்பாள். அவள் அனுப்பியது தானியம், எதிர்பார்த்தது அந்த ஒரு சொல். வேண்டாம் என்று சொல்லாததே அவரளவில் பெரிய சொல் என்று நான் சொல்லிப் பார்த்தேன். படித்த பெண்கள் இந்த மாதிரி விளக்கவுரைகளை மதிப்பதில்லை.

அவள் உண்டானாள். ஏழாம் மாதம் தாணேயில் அவர்கள் குடியிருப்புச் சொசைட்டி ஹாலில் மாமியார் வீட்டு முறையும் நம் வளைகாப்பும் சேர்த்து ஒரே நாளில் வைத்தார்கள். “அம்மா மட்டும் வந்தாப் போதும்” என்று என்னிடம் சொல்லியனுப்பினாள். நான் அதை அப்படியே கடையில் இறக்கி வைத்தேன்.

“முறைச்சோறு கொண்டு போறது பொறந்த வீடு. பொறந்த வீடுன்னா வீட்டுக்காரன் இல்லாமலா?” என்றார் அண்ணாச்சி. மதினி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

புளிச்சோறு, எலுமிச்சம்பழச் சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச் சோறு, சர்க்கரைப் பொங்கல். எல்லாம் முறைப்படி. ஆனால் அரிசியில் அல்ல. “புள்ளத்தாச்சிக்குச் சத்துள்ளதாப் போவட்டும்” என்று ஐந்தையும் தாணே அரிசியில் ஆக்கச் சொல்லிவிட்டார். “கசக்குமே” என்றார் மதினி. “கசக்கட்டும். வயித்துப் புள்ளைக்கு நல்லது.” தான் கண்ட அமிர்தத்தை மகளுக்குக் கொண்டு போகிறார், மகள் அனுப்பிய அதே சரக்கில். முறைச்சோற்றைச் சாமிக்குக் காட்டுமுன் ருசி பார்க்கக் கூடாது என்பதால் யாரும் வாயில் வைத்துப் பார்க்கவில்லை.

ஹால் வாசலில் மாப்பிள்ளை ஓடிவந்து, “யா பாபா, யா” என்று மராட்டியில் வரவேற்றுத் தூக்குகளை வாங்கிக்கொண்டார். அப்பாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பேசவில்லை. வளையல் போட்டாயிற்று. முறைச்சோறு தட்டு தட்டாகப் போயிற்று. மராட்டிப் பெண்கள் மரியாதை தெரிந்தவர்கள். ஒவ்வொருத்தியும் ஒரு வாய் வைத்துவிட்டு அடுத்தவள் முகத்தைப் பார்த்தாள். புளி தன்னால் ஆனதைச் செய்திருந்தது. சர்க்கரைப் பொங்கலே கசந்ததுதான் சமையல் சரித்திரத்தில் புதுசு. ஒரு கிழவி மட்டும் வாய்விட்டுக் கேட்டாள்: “ஹே காய் ஆஹே? ஔஷத் ஆஹே கா?”

மருந்தா என்று கேட்டதும் அண்ணாச்சிக்குப் பெருமை தாங்கவில்லை. “ஹோ, ஹோ! ஔஷத்!” என்று ஆமோதித்தார்.

கிழவி சிரித்துவிட்டாள். இரண்டு சின்னப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். அப்போதுதான் மகள் தன் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்து வைத்தாள். மெல்வதை நிறுத்தினாள்.

“அப்பா, இதக் கழுவலையா?”

அத்தனை வருஷத்துக்குப் பிறகு அவரிடம் அவள் பேசிய முதல் வாக்கியம்.

“கழுவுனா சத்து போயிரும்லா” என்றார் அவர்.

“ஐயோ அப்பா, அது சத்தில்ல. மேல்தோல்ல இருக்கற கசப்பு. தேச்சுக் கழுவணும். ரெண்டு வருஷமா… இப்படியேவா தின்னீங்க?”

அவள் அழுதாளா சிரித்தாளா என்று சொல்ல முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு மாடியில் தன் வீட்டுக்குப் போனாள். நுரை போகக் கழுவி, வேகவைத்து, தயிர் ஊற்றித் தாளித்து ஒரு கிண்ணத்தில் கொண்டு வந்தாள். எல்லோரும் பார்க்க, அவர் எதிரில் நின்று கரண்டியை நீட்டினாள். அவர் வாயைத் திறந்தார். நிதானமாக மென்றார்.

“நல்லாருக்கு” என்றார்.

மகளின் முகம் பூத்துப் போயிற்று. எனக்கு மட்டும் அது நல்லதாகப் படவில்லை. அந்தச் சொல்லை அவர் வாயில் நான் கேட்டதே இல்லை. அவர் கிண்ணத்தை வாங்கி, அடுத்த வாய் எடுக்காமல், பக்கத்து நாற்காலியில் வைத்தார்.

திரும்பும்போது லோக்கல் ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. முலுண்ட் தாண்டியதும் அண்ணாச்சி ஆரம்பித்தார்.

“அந்தக் கசப்பு சத்தே இல்லையாம்லா வே.”

“சத்து உள்ளே இருக்காம் அண்ணாச்சி. அதத்தானே தின்னீங்க. சர்க்கரை இறங்குச்சில்ல?”

“அந்தக் கெழவி சிரிச்சா, பாத்தீரா?”

“யாரும் சிரிக்கல” என்று பொய் சொன்னேன்.

“மக கையால ஒரு வா வாங்கித் தின்னீகளே” என்றார் மதினி. “அத நெனையுங்க. கெழவிய விடுங்க.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “நல்லாத்தான் இருந்திச்சு. யாரு இல்லன்னா? நல்லாருக்கதத் திங்கணும்னா என்கிட்டயே மூட்ட மூட்டயாக் கெடக்கு.”

அடுத்த பொட்டலத்தை மதினி நுரை போகக் கழுவி ஆக்கினார். அண்ணாச்சி அதை ஒதுக்கி வைத்துவிட்டுச் சோறு கேட்டார். சண்டை போட்டுப் பார்த்தார் மதினி. ஒரு நாள் நான் மெதுவாக, “பழையபடி கழுவாமலே ஆக்கித் தரச் சொல்லவா?” என்று கேட்டேன். “என்ன, நாடகமா ஆடுதோம்?” என்றார். பொய் என்று தெரிந்த கசப்பை அவரால் தின்ன முடியவில்லை. நல்லது என்று தெரிந்த ருசியையும் தின்ன முடியவில்லை. நடுவில் சோறு இருந்தது.

வளைகாப்புக்குப் பிறகு மகள் நேராக அவருக்கே போன் செய்வாள். “சாப்ட்டீங்களாப்பா?” “ஆச்சி.” “கினோவாதானே?” “ம்.” வெறுமனே ஆறுதலுக்காகப் பொய் சொல்கிறவர்களை அவர் எவ்வளவு கேவலமாகப் பேசுவார் என்று எனக்குத் தெரியும். கேட்டுக்கொண்டே அரிசி நிறுக்கப்படுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

சர்க்கரை ஏறியது. காலில் ஒரு புண். பேத்தி பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு நொண்டிக்கொண்டு வந்தார். துணி விலக்கிப் பார்த்தார். “மூக்கு எம் மூக்கு. பாவம்” என்றார். மகள் சிரித்தாள், அதற்குள் அவருடைய பாஷை அவளுக்குக் கொஞ்சம் பிடிபட்டிருந்தது. புண் ஆறாமல் ஒரு விரல் போயிற்று. மழைக்காலம் முடிகிற நேரத்தில், கடையில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். இதயம் என்றார் டாக்டர். வயது, பரம்பரை, ஆறாத புண், சாப்பாடு என்று காரணங்களை அடுக்கினார். மகள் கடைசிக் காரணத்தோடு கேட்பதை நிறுத்திவிட்டாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு கடைக்கு மேலிருந்த அறையில் அவளும் நானும் உட்கார்ந்திருந்தோம். மதினி உள்ளே படுத்திருந்தார்.

“சித்தப்பா, அன்னைக்கு நான் வாயத் தொறக்காம இருந்திருக்கலாம் இல்ல?”

“உண்மையத்தானேம்மா சொன்னே.”

“ஆமா, அவர் பொண்ணுதானே.” புடவை நுனியைச் சுருட்டினாள். “அவர் அதக் கசப்புக்காகத் தின்னாரா, எனக்காகத் தின்னாரா?”

“இதென்ன கேள்வி? உனக்காகத்தான்.”

“அப்போ கழுவினதும் ஏன் விட்டார்?”

எதற்கும் ஒரு கிண்டலைக் கைவசம் வைத்திருக்கிற ஆள் நான். குழந்தை அழுகிற மாதிரி இருக்கிறது, போய்ப் பார் என்றேன். அழவில்லை. அது எங்களுக்கு எதிரிலேயே தூளியில் தூங்கிக்கொண்டிருந்தது. அவள் தூளியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், எழுந்து போய் அதை ஆட்டத் தொடங்கினாள்.